வெள்ளரிக்காய் நறுக்கிய கை

அந்த மின்விசிறித் தொழிற்சாலையின் கேண்டீனில் அசுத்தம் நுழைய வழியே இல்லை என்று கண்காணிப்பாளர் நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, அதை அட்டையில் எழுதிச் சுவரிலும் மாட்டியிருந்தார்.

சமையலறை ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் ‘கையுறை’ என்றுதான் சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு வந்ததும் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை மாட்டுவார். மாலை நாலு மணிக்குத்தான் அது கழிவுத் தொட்டிக்குப் போகும். நடுவில் அந்தக் கை தொடாத பொருள் கிடையாது. கதவுப்பிடி, தொலைபேசி, அரிசி மூட்டை, மூக்குக்கண்ணாடி, சில நேரம் மூக்கு. ஆனாலும் கையுறை போட்ட கை சுத்தமான கை. இதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ‘கையுறை அணிந்தவர் கை கழுவத் தேவையில்லை’ என்று குழாய்க்கு மேலேயே ஓர் அட்டை தொங்கியது. தண்ணீர் மிச்சமானதற்கு மேலாளர் ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்திருந்தார். அதுவும் பக்கத்திலேயே தொங்கியது.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு, உடல்நலப் பதிவேடு. வேலைக்கு வந்ததும் பதினாலு பேரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ‘இன்று வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா?’ என்பது கேள்வி. மூன்று வருடமாகப் பதினாலு பேரும் ‘இல்லை’ என்றே எழுதி வந்தார்கள். பதினாலு வயிறு மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கெடவில்லை என்றால் உலகத்திலேயே ஆரோக்கியமான சமையலறை அதுவாகத்தான் இருக்கும். வரும் வெள்ளிக்கிழமை தூய்மைக் கேடயம் அவருக்குத்தான் என்று முடிவாகி, பேரும் பொறித்தாயிற்று.

இந்த நேரம் பார்த்தா அவருடைய வயிறு சதி செய்ய வேண்டும்?

சனிக்கிழமை அவருடைய சின்ன மகள் வாந்தி எடுத்தாள். தூக்கி வைத்துக்கொண்டவர் அவர்தான். திங்கட்கிழமை விடிந்தபோது அவருக்கே வயிறு கடமுடா என்று உருண்டது. குளியலறைக்கும் படுக்கைக்கும் நடந்து கால் ஓய்ந்துபோன மனிதர், அதே காலில் பேண்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்க ஒரு நாள் போகலைன்னா அந்தக் கேண்டீன் இடிஞ்சா விழுந்துடும்?” என்றாள் மனைவி.

“வெள்ளிக்கிழமை கேடயம் தர்றாங்க. அஞ்சு வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்ல. இப்பப் போய் வயித்துவலின்னு படுத்தா எவன் மதிப்பான்?”

“சாப்பாடு செய்யற இடத்துக்குப் போற ஆளுங்க நீங்க.”

“அதுக்குத்தானே கையுறை இருக்கு!”

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். அரை மணி நேரத்தில் சமையலறைக்குப் போய், கையுறையை மாட்டி, பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.  அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி ஒரு ‘ஆம்’ இருந்தது.

எழுதியவர் காய் நறுக்கும் அக்கா. ஒன்பது வருடமாக அங்கே வேலை. கத்தியைக் கையில் எடுத்தால் பக்கத்தில் பேசுகிறவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே ஒரே கனத்தில் வில்லை போடுவார்.

“என்ன இது?”

“ராத்திரி பூரா நாலு தடவை போயிட்டு வந்தேன் சார். ரெண்டு தடவை வாந்தி.”

“அதுக்கு?”

“கேட்டிருக்கீங்களே சார். அதான் எழுதினேன்.”

 அந்தக் கேள்விக்கு ஒருவர் ‘ஆம்’ என்று பதில் சொல்லக்கூடும் என்று கண்காணிப்பாளர் நினைத்துப் பார்த்ததே இல்லை. பதிவேட்டில் ‘ஆம்’ வந்தால் என்ன செய்வது என்று விதியே எழுதவில்லை.

“கேடயம் வர்ற வாரத்துலயா உங்களுக்கு நேர்மை பொங்கணும்? கிளம்புங்க. சம்பளம் கிடையாது. நான் சொல்லி அனுப்பற வரைக்கும் வரவேணாம்.”

அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கூடை வெள்ளரிக்காய் நறுக்க ஆளில்லாமல் கிடந்தது. மற்றவர்கள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கடமை என்று வந்துவிட்டால் கண்காணிப்பாளர் பின்வாங்குகிற ஆளில்லை. தாமே உட்கார்ந்து இரண்டு கூடையையும் நறுக்கினார். நடுவில் மூன்று தடவை எழுந்து ஓடினார். ஒவ்வொரு தடவையும் விதிப்படி கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். திரும்பி வந்து விதிப்படி மாட்டிக்கொண்டார். கழுவவில்லை. கழுவத் தேவையில்லை என்று எழுதி மாட்டியவரே அவர்தானே.

புதன்கிழமை காலை தொழிற்சாலையில் பாதி மேசைகள் காலி. அறுபத்து மூன்று பேருக்கு வாந்தி, பேதி. பதினோரு மணிக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்து மேலாளர் அறையில் உட்கார்ந்தார். வந்த விருந்தாளியை வெறும் மேசையோடு விடலாமா? கண்காணிப்பாளர் ஒரு தட்டு ஆப்பிளைத் தம் கையால் நறுக்கி, பூவிதழ் மாதிரி அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார். மேலாளர் பேசிக்கொண்டே நாலு துண்டு உள்ளே தள்ளினார். மருத்துவர் தொடவில்லை.

“அறுபத்து மூணு பேர்ல அறுபத்தோரு பேரு திங்கக்கிழமை வெள்ளரிக்காய் சாப்பிட்டிருக்காங்க,” என்றார் மருத்துவர், கையிலிருந்த தாளைப் பார்த்து. “குழம்பு எல்லாரும்தான் சாப்பிட்டாங்க, அது கொதிச்சது. வெள்ளரிக்காய் பிடிக்காதுன்னு ஒதுக்கினவங்க பெரும்பாலும் நல்லா இருக்காங்க.”

 கண்காணிப்பாளருக்கு அடுத்த நொடியே ஒரு வழி தெரிந்தது. ஓடிப்போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார்.

“காய் நறுக்கறது ஒரு பொம்பளை, மேடம். இதோ பாருங்க. திங்கக்கிழமை. வயித்துப்போக்கு உண்டுன்னு அவளே கைப்பட எழுதியிருக்கா.”

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டாள், அதுவும் கையெழுத்தோடு. உடனே உதவியாளரைக் கூப்பிட்டு, அந்த அம்மாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார். பக்கத்து அறையில் விசைகள் தடதடவென்று ஓடின. ஒன்பது வருட வேலை பத்து நிமிடத்தில் ஒரு தாளாகிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளருக்கு அந்தச் சத்தம் உறுத்தாமல் இல்லை. ஆனால் கேடயத்தில் பேர் பொறித்தாயிற்றே.

மருத்துவர் பதிவேட்டை நிதானமாகப் புரட்டினார். “மூணு வருஷத்துல ஒரே ஒரு ‘ஆம்’. இவங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாங்க?”

“எழுதின உடனே அனுப்பிட்டேன் மேடம். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.”

“காயைத் தொடல?”

“தொட விடுவேனா? கத்திகிட்டகூடப் போக விடல.”

“நல்லது. அப்ப அந்த வெள்ளரிக்காயை யார் நறுக்கினது?”

 மேலாளர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். அவர் ஆப்பிள் தட்டைப் பார்த்தார்.

“நான்தான்,” என்றார். உடனே குரலை உயர்த்தினார். “ஆனா கையுறை போட்டிருந்தேன்!”

“எப்படிப் போடுவீங்க? போட்டுக் காட்டுங்க, பார்க்கலாம்.”

இது அவருக்குப் பிடித்த பாடம். புது ஆட்களுக்கு அவரே சொல்லிக் கொடுப்பது. சட்டைப்பையிலிருந்து கையுறையை எடுத்தார். விரல்கள் ஒட்டியிருந்ததால் வாயை வைத்து ‘ப்பூ’ என்று ஊதினார். இடது கையில் மாட்டி, விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்தார். வெறும் வலது கையால் இடது கையின் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக நீவி விட்டார். பிறகு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

மேலாளர் வாயில் ஐந்தாவது துண்டு இருந்தது. மெல்லுவதா துப்புவதா என்று தெரியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“உங்க வயிறு எப்படி இருக்கு?” என்று மருத்துவர் கண்காணிப்பாளரிடம் கேட்டார். குரலில் கோபமில்லை. அதுதான் அவரை உடைத்தது.

“இப்பப் பரவால்ல... திங்கக்கிழமைதான் கொஞ்சம்... பாப்பாவுக்கு சனிக்கிழமையே...”

“இங்க ‘இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க.”

தம் கையெழுத்தைப் பார்த்தார். சுழியெல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவருக்குத் தம் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மருத்துவர் மூன்று உத்தரவு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வேலைக்கும் புதுக் கையுறை, அதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். குழாய்க்கு மேலிருக்கும் அட்டையைக் கழற்றுதல். வயிறு கெட்டவர்கள் குணமாகி இரண்டு நாள் கழியும் வரை சம்பளத்தோடு வீட்டில் இருத்தல். முதல் இரண்டுக்கும் மேலாளர் தலையாட்டினார். மூன்றாவது பரிசீலனையில் இருக்கிறது என்றார். நீக்கும் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று கோப்பில் வைக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விழா நடக்கவில்லை. மேலாளருக்கு வயிறு சரியில்லை. ஆனால் பேர் பொறித்த கேடயத்தை வேறு யாருக்குக் கொடுப்பது? செய்தித்தாளில் சுற்றி ஓர் ஆள் மூலம் கேண்டீனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை மாட்டக் குழாய்க்கு மேல் அட்டை இருந்த ஆணி தோதாக இருந்தது.

அக்கா அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினார். அலுவலகத்தில் யாரோ அந்தக் கடிதத்தைக் காட்டி, “இனிமே யோசிச்சு எழுதும்மா” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசக் கண்காணிப்பாளருக்குத் துணிச்சல் வரவில்லை. சோப்பு வாங்கி வைத்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை கழுவினார். அவருக்குப் புதுப்பேரும் வந்துவிட்டது: ‘சோப்பு’.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. அக்கா வெள்ளரிக்காய்க் கூடை முன்னால் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. நாலு வில்லை போடுவார், வயிற்றைப் பிடித்துக்கொள்வார். எழுந்து பின்கட்டுக்கு ஓடினார். கை கழுவி வந்து மறுபடி உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அக்கா பேருக்கு நேரே ‘இல்லை’ என்றிருந்தது. ஒன்பது வருடம் வேலை செய்தவர் எழுதிய முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை எழுதக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, வீட்டுக்குப் போங்க. உடம்பு சரியில்ல உங்களுக்கு.”

“நல்லாத்தான் இருக்கேன் சார்.”

“சம்பளத்துக்கு நான் பேசறேன்.”

“போன தடவை எழுதினதுக்குப் பட்ட பாடு போதும் சார். எனக்கு ஒண்ணுமில்ல.”

“கத்தியைக் கொடுங்க. நான் நறுக்கறேன்.”

அக்கா நிமிர்ந்து அவர் கைகளைப் பார்த்தார். “நீங்களா?” என்றார். அடுப்பங்கரை முழுக்கச் சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அவருக்குச் சுருக்கென்றிருக்கும். இன்றைக்கு வலித்தது அந்தச் சிரிப்பு இல்லை. அக்கா மட்டும் சிரிக்காமல், கத்தியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

கூடையோடு தூக்கிப்போய் நறுக்கியதையும் நறுக்காததையும் கழிவுத் தொட்டியில் கொட்டினார். சாப்பாட்டில் ஒரு பொருள் குறைந்தால் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். அதுவும் அவர் போட்ட விதிதான். பேனாவை எடுத்து நின்றார். ‘காய் வரவில்லை’ என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை.

‘நறுக்குபவருக்கு உடல்நலமில்லை. சொல்லப் பயந்தார். பயத்துக்குக் காரணம், கண்காணிப்பாளர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பதிவேட்டை அக்கா பக்கமாகத் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைய பக்கத்தைப் புரட்டி, காலையில் எழுதிய ‘இல்லை’யை அடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.