எத்தனை வாய்?

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் நாமெல்லாம் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அகராதி ஆபீஸில் அது நடக்காது. அங்கே சீட்டுதான் பேசும். கடையிலோ பஸ்ஸிலோ யார் வாயில் அந்தச் சொல் வந்தாலும் ஒரு சீட்டு எழுத வேண்டும்: சொன்ன வாக்கியம், சொன்ன ஆள், கீழே இடமும் தேதியும். ஒரு பொருள் அகராதியில் ஏற மூன்று சீட்டாவது வேண்டும். அதிகம் புழங்குகிற பொருள் முதலில் நிற்கும். இந்தச் சட்டத்தைப் போட்ட தலைமை ஆசிரியருக்கு ஆபீஸில் 'மூணுசீட்டு' என்று பெயர். மனிதர் ஆயுளில் ஒருநாள்கூடச் சீட்டாடியதில்லை, பாவம்.

நம் கதாநாயகியின் மேஜைக்கு வந்த சொல் 'ஆர்டர்'. அகராதி ஆபீஸில் வேலை என்றதுமே புகுந்த வீட்டில் 'அகராதி பிடிச்சவ' என்று சிரித்தார்கள். அதுவே சுருங்கி அகராதிக்காரி ஆகிவிட்டது.

ஆர்டர் லேசான சொல் இல்லை. காபி சொன்னால் ஆர்டர், மேலதிகாரி முறைத்தால் ஆர்டர், வேலை கிடைத்ததும் கையில் கொடுக்கும் காகிதமும் ஆர்டர், வரிசையாய் வரச் சொன்னாலும் ஆர்டர். அகராதிக்காரி காபி ஆர்டரை முதல் பொருளாகப் போட்டு எழுதிக் கொடுத்தாள். மூணுசீட்டு ஓரத்தில் 'எத்தனை வாய்?' என்று எழுதித் திருப்பினார். சீட்டு போதவில்லை போலிருக்கிறது என்று ஓடி ஓடி இன்னும் நாற்பது சேர்த்துக் கொடுத்தாள். மறுபடியும் 'எத்தனை வாய்?'

"இன்னொரு தடவை திரும்பினா பக்க எண் சரிபார்க்கிற மேஜைக்குப் போயிடுங்கம்மா. நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்குள்ள வரணும்" என்றார். அவர் குரலை உயர்த்துகிற ஆளில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. பக்க எண் மேஜையில் உட்கார்ந்தவர்கள் அப்புறம் எந்தச் சொல்லையும் தொட்டதில்லை. அவளுக்கோ சொல் என்றால் உயிர்.

மறுநாள் காலை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இருநூற்றுப் பதினோரு சீட்டுகளையும் பொருள்வாரியாக நான்கு குவியலாகப் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனாள். குவியல்தான் கணக்கு. சீட்டில் பொருள் எண்ணைக் கடைசியில்தான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் புத்தி அங்கேயே உட்கார்ந்துவிடும் என்பது மூணுசீட்டின் இன்னொரு சட்டம்.

குளித்துவிட்டு வந்தால் மேஜை பளபளவென்று இருந்தது. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், நடுவில் ஒரு செருப்புப் பெட்டி. பெட்டிக்குள் பதினேழு கட்டு, ஒவ்வொன்றும் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"தெரு வாரியா பிரிச்சு வச்சிட்டேன்மா" என்றாள் மாமியார், பெருமையாக.

மகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்க, மருமகளுக்குத் துணையாக வந்திருந்தவள். தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் கடிதம் பிரித்த கை. எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கண் முதலில் கீழே இருக்கும் இடத்துக்குத்தான் போகும். வாக்கியத்தைப் படிக்கவே மாட்டாள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாதே!

"யாரைக் கேட்டு தொட்டீங்க அத்தை?" அகராதிக்காரிக்குக் குரல் கிறீச்சிட்டது. "மூணு மாச உழைப்பு! நல்லது பண்றேன்னு கெடுத்துட்டீங்களே! இந்த வீட்ல ஒரு பொருளாவது நான் வச்ச இடத்துல இருக்கா?"

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. வாயைவிட்டுப் போனபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

மாமியார் கையில் இருந்த மிச்ச நூலை விரலில் சுற்றினாள். "கலைஞ்சு கிடக்குன்னு நினைச்சேன். இனிமே எதையும் தொடலம்மா" என்றாள்.

சமாதானம் பேச நேரமில்லை. ரொட்டியைப் பாதி கடித்து வைத்துவிட்டு, தலை துவட்டிய துண்டை வீசிவிட்டு, ஓடிப்போய் பஸ் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரித்துத்தானே ஆகவேண்டும் என்று முதல் கட்டை எடுத்தாள். குண்டாக இருந்தது. பூராவும் ஒரே இடம்: ஆபீஸுக்குக் கீழே இருக்கும் காபிக்கடை. எண்பத்து மூன்று சீட்டு. எல்லாமே காபி ஆர்டர். சொன்ன ஆள் என்ற இடத்தில் சப்ளையர், சப்ளையர், சப்ளையர், நடுநடுவே முதலாளி.

அவளுக்கு முகம் சுட்டது. எண்பத்து மூன்று சீட்டு, இரண்டே வாய்! சீட்டு போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் மாடிப்படி இறங்கி, ஒரு காபியைக் குடித்து, நாலு சீட்டு எழுதிக்கொண்டு ஏறியிருக்கிறாள். அந்தச் சப்ளையரும் வாய் ஓயாமல் ஆர்டர், ஆர்டர் என்று கத்தியிருக்கிறான். மூணுசீட்டு இரண்டு தடவை கேட்டது இதைத்தான். பொருள்வாரியாகக் குவித்தால் இது கண்ணில் படாது, குவியல் உயரம்தான் தெரியும்.

மற்ற கட்டுகளைப் பரபரவென்று பிரித்தாள். முடிவெட்டும் கடையில் "ஆர்டரா வாங்க, முதல்ல வந்தவர் யாரு?" பள்ளிக்கூட வாசலில் "ஆர்டரா நில்லுங்க." மருந்துக்கடையில், வங்கியில், சலவைக்கடையில், பதினான்கு கட்டில் வரிசை ஆர்டர் இருந்தது. சீட்டு நாற்பத்தாறுதான். ஆனால் முப்பத்தெட்டு வாய்! காபி ஆர்டருக்கு எல்லாம் கூட்டினாலும் பதிமூன்றைத் தாண்டவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டிருந்தாள்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது புதிதாக எழுதிய பக்கத்தை மூணுசீட்டின் மேஜையில் வைத்தாள். முதல் பொருள், வரிசை. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எத்தனை வாய் என்ற எண். அவர் பெட்டியில் கைவிட்டு, தெரு வாரியாக இருந்த கட்டுகளிலிருந்து நாலைந்து சீட்டுகளை உருவிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை, அடியில் கையெழுத்து போட்டார்.

"தெரு தெருவா பிரிச்சுப் பார்க்கணும்னு எப்படித் தோணிச்சு?"

"எனக்குத் தோணலை சார். எங்க அத்தை செஞ்சது" என்றாள். சொல்லும்போதே காலையில் போட்ட சத்தம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

சாயங்காலம் கதவைத் திறந்தாள். சாப்பாட்டு மேஜையில் காலையில் அவள் பாதி கடித்து வைத்த ரொட்டி காய்ந்து கிடந்தது. டம்ளரில் ஆடை கட்டிய காபி. அவள் வீசிவிட்டுப் போன துண்டு நாற்காலியில் அப்படியே இருந்தது. செய்தித்தாள் தரையில் பறந்து நாலு தாளும் நாலு பக்கம். ஓரத்து நாற்காலியில் மாமியார் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பகல் முழுக்க அப்படியே இருந்திருக்கிறாள்.

"நான் ஒண்ணையும் தொடலம்மா" என்றாள். "நீ வச்சது வச்ச இடத்துல இருக்கு."

மன்னிப்பு கேட்க வேண்டும். நூறாயிரம் சொல் இருக்கிற ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்கு அந்த நேரத்துக்கு ஒரு சொல் வரவில்லை. பையைத் திறந்தாள். அடுத்த சொல்லுக்கான சீட்டுகள், முந்நூறுக்கு மேல். எல்லாவற்றையும் மாமியார் முன்னால் மேஜையில் கவிழ்த்துக் கொட்டினாள். பாதி தரையில் விழுந்தது.

"தெரு வாரியா பிரிச்சுக் குடுங்க அத்தை."

மாமியார் சீட்டைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கோத்திருந்த விரல்கள் பிரிந்தன.

"அதுக்கு முன்னாடி" என்றாள், "அந்தத் தட்டை எடுத்துக் கழுவட்டுமா? காலைலேருந்து கை துடிக்குதும்மா."