பதினைந்தாவது ஆள்

1987 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை காலை, பீஜித் தீவின் பா வட்டாரத்தில், சிட்னிக்குக் குடிபோய்ப் பத்து நாளான ராஜப்பன் தன் பழைய வரிசையில் நின்று கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் அவர் சிட்னியில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தது தொலைபேசியில் விசாரித்து உறுதியானது. வெட்டுக் கூட்டத்தில் பதினான்கு பேர் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூட்டத்தின் தலைவரான தொர்சாமி, ராஜப்பனையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்.

மே மாதம் பட்டாளம் அரசாங்கத்தைக் கவிழ்த்ததிலிருந்து இந்திய வம்சாவளி வீடுகளில் பாஸ்போர்ட் பேச்சுதான். அக்டோபருக்குள் கூட்டத்தில் ஆறு பேர் விமானம் ஏறிவிட்டார்கள். ஆறு பேரும் விடிந்ததும் கத்தியோடு வந்து நின்றார்கள். பேசுவதில்லை, தண்ணீர் கேட்பதில்லை, வியர்ப்பதில்லை. வெட்டு மட்டும் தரையோடு தரையாக, சுத்தமாக இருந்தது. சிட்னியிலிருந்து வந்த கடிதங்களில் எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: நகக்கண்ணில் கரி படிகிறது, எந்த சோப்புக்கும் போகவில்லை. எரித்த கரும்பை வெட்டியவர்களுக்கு அது என்ன கரி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நிலத்தின் சொந்தக்காரர்களான பீஜியர்களில் ஒருவன் செமிசி. மதியம் வேலியோரம் உட்கார்ந்து தொர்சாமிக்கு யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தான். போனவர்களுக்கும் ஆளுக்கொரு கொட்டாங்கச்சி ஊற்றி வைப்பான். அது அப்படியே இருக்கும்.

"நீங்கல்லாம் போயிட்டா நெலம் எங்களுக்குன்னு பட்டாளத்துக்காரன் சொல்றான்" என்றான் செமிசி. "எங்கப்பா போறீங்க? டிக்கெட் எடுத்துப் போனவன்கூட இங்கதான் நிக்கிறான்."

தொர்சாமி சிரித்தார். அந்த வாரம்தான் அவர் மகள் பிரமிளாவைச் சோதனைச் சாவடியில் பேருந்திலிருந்து இறக்கி, தலையில் கை வைத்து வெயிலில் நிற்கச் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. சிட்னியிலிருந்து மைத்துனன் அனுப்பிய குடியேற்ற விண்ணப்பத்தை மனைவி லெச்சம்மா சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க."

"போட்டா நானும் இங்க ஊமையா நின்னு வெட்டிக்கிட்டிருப்பேன், லெச்சு. காலத்துக்கும்."

"இப்ப மட்டும் வாயத் தொறந்து பேசிடுறீங்களாக்கும்? சாவடியத் தாண்டுறப்ப உங்க தல எங்க இருக்குன்னு நான் பாக்கலயா?"

மூன்று வாரம் விண்ணப்பம் அலமாரி மேல் கிடந்தது. அதை அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் தொர்சாமி தன்னையும் சேர்த்து எண்ணியபோது பதினைந்து வந்தது. மறுபடி எண்ணினார். பதினைந்து. கடைசி வரிசையில் குனிந்து வெட்டியவனின் காக்கிச் சட்டையில், இடது தோளில், லெச்சம்மா போட்ட ஒட்டு இருந்தது. அதே சட்டையைத் தொர்சாமியும் போட்டிருந்தார். மற்ற ஆறு பேரும் விமானம் ஏறிய பிறகு வந்தவர்கள். இவன் முன்கூட்டியே வந்துவிட்டான்.

தொர்சாமி அவனிடம் போய்த் தன் அரத்தைக் கொடுத்தார்.

"கீழ் மூலையில தண்ணி நிக்கும். காலப் பாத்து வை" என்றார்.

அவன் அரத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான், நிமிர்ந்து பார்க்கவில்லை. தொர்சாமி வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

மறு ஆண்டு மார்ச்சில் மூவரும் கிளம்பினார்கள். ஜூனில் அறுவடை தொடங்கியபோது கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். லெச்சம்மாவையோ பிரமிளாவையோ அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் முழுசாகப் போயிருந்தார்கள்.

சிட்னி ரொட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் தொர்சாமியை மூன்று முறை கை கழுவி வரச் சொன்னார். நான்காம் முறை ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்.