ஜூலியஸ் வைத்த சுடுதண்ணீர்

கல்யாணமாகி முப்பது வருசத்தில் ஜூலியஸ் தன் பெண்டாட்டிக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தவரில்லை. அதற்காக அவரைக் கல்மனசுக்காரர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கரவனெல்லைக்கு மேலே இருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில் எந்த ஆம்பிளைதான் போட்டுக் கொடுத்தான்? மரியாயி விடியுமுன்னே எழுந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, அவருக்கென்று மூடி வைத்துவிட்டுத்தான் பால் வெட்ட மலைக்குப் போவாள். திரும்பி வந்ததும் மறுபடி அடுப்பு. ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுவிட்டுக் கண் சிவந்து வருகிற மனுசன், தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு, ஃபோனில் பாட்டைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அன்பு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை எப்படி வெளியே எடுப்பதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் மரியாயியின் குடலில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேசன் செய்து எடுத்தார்கள். அத்தோடு விட்டதா சனியன்? திரும்பி வராமல் இருக்க மாதக்கணக்கில் புற்றுநோய்க் குளுசை மாத்திரை போட வேண்டும் என்றார் டொக்டர். இரண்டு வாரம் காலையும் மாலையும் குளுசை, பிறகு ஒரு வாரம் ஓய்வு, அப்புறம் அடுத்த ரவுண்டு. இதை ஒழுங்காகப் போட்டு முடிப்பது உன் கையில்தான் இருக்கிறது என்று அவர் சிங்களத்தில் சொன்னது மரியாயியின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. முடிக்க வேண்டும். என்ன ஆனாலும் முடித்துவிட வேண்டும்.

குளுசையைக் கையில் கொடுத்து விவரம் சொன்னது கிளினிக் நர்ஸ் பளீலா மிஸ். மாவனெல்லைப் பக்கத்துப் பிள்ளை, தமிழில் பேசியதால் மரியாயிக்கு அவளை முதல் பார்வையிலேயே பிடித்துப்போயிற்று. வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பிட்ட கையோடு போட வேண்டும். உடைக்கவோ இடிக்கவோ கூடாது. ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போடக் கூடாது. மற்றவர்கள் வெறுங்கையால் தொடக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, வயிற்றோட்டம் நிற்காமல் போனாலோ குளுசையை நிறுத்திவிட்டு உடனே ஃபோன் பண்ண வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவக்கலாம், சிவந்தால் சுடுதண்ணீர் படக் கூடாது, தேய்க்கக் கூடாது, களிம்பை மெதுவாக ஒற்றி வைக்க வேண்டும், வலித்தாலோ கொப்பளித்தாலோ அதற்கும் ஃபோன். மரியாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஜூலியஸ் அப்போது வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். பஸ்ஸில் வரும்போது அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், கை கால் விசயத்துக்கு வருவதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது. அது அப்படியே விடுபட்டுப் போயிற்று.

அன்றிலிருந்து ஜூலியஸ் ஆளே மாறிவிட்டார். ஸ்டோரில் புகையைப் பார்த்த கண்ணால் குளுசையைப் பார்த்தார். அவள் சோற்றை மிச்சம் வைத்தால் எழுந்திருக்க விடமாட்டார். குளுசையைக் கையால் தொடாமல் கரண்டியில் தட்டி, மாதா கோயிலில் நன்மை அப்பம் கொடுக்கிற சாமியார் மாதிரி வாய்க்கு நேரே நீட்டுவார். மரியாயிக்குச் சிரிப்பை அடக்கினால் குளுசை தொண்டையில் நிற்கும்.

முதல் ரவுண்டு கொஞ்சம் குமட்டலோடு போயிற்று. இரண்டாவது ரவுண்டில் கால் சிவந்தது. உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசிய எரிச்சல். மலையூற்று விழுகிற பீலியிலிருந்து தண்ணீர் எடுத்து வரும்போது அவள் காலை ஓரமாக வைத்து நடந்ததை ஜூலியஸ் பார்த்துவிட்டார். சாயந்தரம் பார்த்தால், மனுசன் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்!

பால் வெட்டுகிற தோட்டத்தில் காலுக்கு ஒரே ஒரு வைத்தியம்தான். ஈரத்தில் நடந்து நடந்து குதிகால் வெடித்துவிட்டால், உப்பும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் பொறுக்கிற சூட்டில் காலை வைத்து, தேங்காயெண்ணெயில் மெழுகுதிரியை உருக்கி அழுத்தித் தேய்ப்பார்கள். எரிந்தால்தான் கேட்கும் என்பது லயத்துக் குடியிருப்பின் சட்டம். ஜூலியஸின் வெடிப்புக் காலுக்கு எத்தனையோ வருசம் மரியாயி தேய்த்துவிட்ட வைத்தியம் அது. அதைத்தான் அவர் இப்போது ஆவி பறக்கப் பறக்க அகலமான பேசின் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு வந்தார். முழங்கால் மொடமொடக்கத் தரையில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பளீலா மிஸ் சொன்னது மரியாயிக்கு நினைவு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். குனிந்திருந்த அவர் தலையில் உச்சியில் மட்டும் முடி உதிர்ந்திருப்பதை அப்போதுதான் முதல்முறை பார்த்தாள். இத்தனை வருசத்தில் அவர் தலை அவளுக்குக் கீழே இருந்ததே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பைத்தியக்காரி என்று சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். முப்பது வருசம் காத்திருந்து வந்த கையைத் தட்டிவிட உங்களுக்கு மனசு வருமா?

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிரேமலதா எட்டிப் பார்த்துவிட்டு, ஒங்க கோயில்ல பெரிய வியாழனுக்குத்தானே கால் கழுவுவாங்க, இங்க தெனமும் பெரிய வியாழனா என்று கேலி செய்தாள். ஜூலியஸுக்குக் காது சிவந்தது. ஆனால் அடுத்த நாளும் பேசினோடு வந்தார்.

தேய்க்கத் தேய்க்கக் கால் மோசமானது. மோசமாக ஆக, வைத்தியம் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீரை இன்னும் சூடாக்கினார், இன்னும் அழுத்தினார். மரியாயி பல்லைக் கடித்துக்கொண்டு, நல்லாருக்குங்க, சொகமாருக்குங்க என்றாள். குதிகாலில் கொப்பளம் எழும்பியது. பளீலா மிஸ்ஸுக்கு ஃபோன் பண்ண வேண்டிய கட்டம் அது என்பதும் தெரியும். ஆனால் சொன்னால் குளுசையை நிறுத்திவிடுவார்களே! நிறுத்தினால் கட்டி திரும்ப வந்துவிடுமே! அட்டை கடிக்காமலிருக்க மாட்டுகிற பழைய காலுறையை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, பகலெல்லாம் குளிர் என்று சொல்லித் திரிந்தாள். வலியை மறைத்தால் குளுசையும் நிற்காது, பேசினும் நிற்காது என்று கணக்குப் போட்டாள். நோயாளி போடுகிற கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது?

ஒருநாள் சாயந்தரம் ஜூலியஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போது குதிகால் தோல் வழன்று அவர் கையோடு வந்துவிட்டது. மரியாயி அதுவரை அடக்கியிருந்ததெல்லாம் ஒரு முனகலாக வெளியே வந்தது. அவர் கையைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். எண்ணெய்க் கையோடே ஃபோனை எடுத்து, குளுசைப் பையில் எழுதியிருந்த நம்பரை அழுத்தினார். சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்திருந்ததால் பளீலா மிஸ் சொன்னது இருவருக்கும் கேட்டது.

"இண்டைக்கு ராவைக்குப் போடுற குளுசையப் போட வாணாம். காலைல முதல் பஸ்ஸுல கூட்டிட்டு வாங்க. சுடுதண்ணி படக் கூடாது, தேய்க்கக் கூடாது எண்டு அக்காவுக்கு முதல் நாளே சொல்லித்தானே அனுப்பினேன்."

ஜூலியஸ் ஃபோனை வைத்துவிட்டு மரியாயியைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் பேசினைத் தூக்கிக்கொண்டு போய் தண்ணீரை வாசலில் கொட்டினார், அவ்வளவுதான்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கூட்டிப் போனார். கிளினிக்கில் இந்த முறை அவரும் உள்ளே வந்து நின்றார். டொக்டர் காலையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண் ஆறும்வரை குளுசை வேண்டாம், ஆறியதும் அளவைக் குறைத்துத் தொடங்கலாம் என்றார். மரியாயி அழுதேவிட்டாள், மிச்சத்தை முடிக்க முடியாதா என்று சிங்களத்தில் கேட்டாள். அனே அம்மே, முடிப்பதற்காகத்தான் நிறுத்துகிறோம் என்றார் அவர். நடுவில் நிறுத்தி ஆற விடுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான், அதனால் பலன் போய்விடாது, மறைப்பதுதான் ஆபத்து, இந்தப் புண்ணோடு காய்ச்சலும் வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். முதல் வலியிலேயே வந்திருந்தால் இவ்வளவு நாள் நிறுத்தவும் வேண்டியிருக்காதாம். மரியாயிக்கு உயிர் திரும்பி வந்தது. ஜூலியஸுக்கு வரவில்லை.

அன்று சாயந்தரம் அடுப்படியில் சத்தமே இல்லை. பேசின் கட்டிலுக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. ஜூலியஸ் இஸ்தோப்பில் ஃபோனைக் கையில் வைத்திருந்தார், பாட்டுப் போடவில்லை. மரியாயி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒங்கால நானே பொசுக்கியிருக்கேன்," என்றார் அவர், அவளைப் பார்க்காமலே. "தெரிஞ்சிருந்தும் ஏன்டி சொல்லல?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். இந்த வயதில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் பேசின் கவிழ்ந்தே கிடக்கும் என்ற பயம் வெட்கத்தை விடப் பெரிதாக இருந்தது.

"நீங்க வந்து எங்காலத் தொட்டது அதுதாங்க மொதத் தடவ. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பிப் போயிற்று.

"சுடுதண்ணியத்தான் வேணாம்னாங்க," என்றாள் மரியாயி. "ஒங்கள வேணாம்னு யாரும் சொல்லல."

அவர் எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவுகிற சத்தம் கேட்டது. பேசினை நன்றாகக் கழுவி, பீலித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னே வைத்தார். விரலை விட்டுப் பார்த்து, ஜில்லென்று இருப்பதை உறுதி செய்துகொண்டார். அவள் கால் உள்ளே இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள். பல நாளாக நெருப்பாக இருந்த காலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தேய்க்கக் கூடாது என்றதும் ஜூலியஸுக்குத் தன் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் காலை எடுத்து, பழந்துணியால் பச்சைப் பிள்ளையைத் துவட்டுகிற மாதிரி ஒற்றி, மிஸ் கொடுத்த களிம்பை விரல் நுனியால் வைத்தார். இவ்வளவு லேசா வச்சா கேக்குமா என்று சந்தேகமாகக் கேட்டார். கேக்கும் என்றாள் அவள்.

சுடுதண்ணீராக இருந்த நாட்களில் அது ஆறியதும் அவர் எழுந்து போய்விடுவார். பீலித் தண்ணீர் எங்கே ஆறப் போகிறது? வேலை முடிந்த பிறகும் அவர் அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார்.