நாலு நாள் பட்டணம், ஐந்து நாள் நாட்டுப்புறம்

பிரான்சுக்கு ஒன்பது நாள் விடுமுறை போவது என்று தீர்மானமானதும் எங்கள் வீட்டில் முதலில் நடந்த காரியம் சண்டை. எங்கள் வீடு என்று பழக்கதோசத்தில் சொல்லிவிட்டேன். அது மகள் வதனியின் வீடு. நானும் மனைவி அன்னப்பூரணியும் அதற்குப் பின்னால், பழைய சமையல் குசினியை மறித்துக் கட்டிய ஓர் அறையில் இருக்கிறோம். பனிச்சங்கேணியில் மகளைக் கட்டிக்கொடுத்த தாய் தகப்பன் வேறு எங்கே இருப்பார்கள்? அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

சண்டை நாட்களைப் பற்றியது. மகன் உதயரூபன் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான். விசாவுக்குப் போடுவதென்றால் எந்த நாள் எங்கே தங்குவோம் என்று முதலே சொல்ல வேண்டுமாம். நாலு நாள் பட்டணம், ஐந்து நாள் நாட்டுப்புறம் என்று போனில் அவன் பிரித்துச் சொன்னான். பட்டணத்தில் அவனுடைய அறை, இரும்புக் கோபுரம், ஆற்றில் படகு, தமிழ்க் கடைத் தெரு. நாட்டுப்புறத்தில் அவனுடைய முதலாளியின் தாய் இருந்த வீடு சும்மா கிடக்கிறது. சுற்றிவரக் கோதுமை வயல், மாடு, பக்கத்தில் ஒரு சின்ன ஆறு.

"ஒம்பது நாளையும் நாட்டுப்புறத்துக்கே போடச் சொல்லுங்க" என்றாள் அன்னப்பூரணி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்த நாளிலிருந்து மாட்டுக்கும் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடந்த மனுசி, கடல் தாண்டிப் போய் மாடு பார்க்கப் போகிறாளாம்.

"இஞ்ச மாடு பாத்தது காணாதா புள்ள? நான் அந்தக் கோபுரத்தப் பாக்க வேணும். செத்தா மறுகா பாக்க ஏலுமா?"

"கோபுரத்தப் பாக்கவா நாம போறம்? பட்டணத்தில அவன் விடியப் போனா இருட்டிப்போய்த்தான் வருவான். நாட்டுப்புறத்துக்கெண்டா லீவு போட்டுட்டு வாறன் எண்டு சொல்றான். பகல் முழுக்க வெளிச்சத்தில வெச்சுப் பாக்கலாம்."

அவளுக்கு நீரிழிவு, சீனி வருத்தம். வலது கண் முன்னமே போய்விட்டது. இடது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. மட்டக்களப்பில் கண் டாக்குத்தர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வருசம் கிடைச்சாப் பெரிய காரியம்" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாகச் சொன்னது வீண். கதவுக்கு வெளியே நின்று அவள் கேட்டுவிட்டாள். கண் போகப் போகக் காது கூர்மையாகிறது.

உதயரூபன் போனபோது அவனுக்குப் பதினேழு வயது. மீசை சரியாக அரும்பவில்லை. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று எல்லோரும் எங்கேயாவது அனுப்பிக்கொண்டிருந்த யுத்த காலம் அது. இப்போது அவனுக்கு முன்மண்டை வழுக்கை. அகதிக் காகிதத்தில் இருப்பவன், இந்த நாட்டில் கால் வைக்க முடியாது. இந்தியாவில் சந்திக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் அவனுக்கு விசா கொடுக்கவில்லை. ஆகவே நாங்கள்தான் போக வேண்டும். அவள் மகனுடைய முகத்தை ஒரு தரம், கையால் தொடுகிற தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், கண் அணைவதற்கு முன்னால். அவ்வளவுதான் எங்கள் பிரான்ஸ்.

கண் விசயம் அவனுக்குத் தெரியாது. அவள் சொல்ல விடவில்லை. "சொன்னா ஓடி வருவான். வந்தா எயாப்போட்டிலயே புடிப்பாங்கள். நான் குருடியாப் போனாப் போறன், அவன் அங்க இரிக்கட்டும்" என்றாள். பாவம் அவன், தாய் தகப்பன் விடுமுறைக்கு வருகிறார்கள் என்று குதித்துக்கொண்டு திட்டம் போட்டான். அம்மாவுக்குக் குளிர்ச் சட்டை வாங்கியாச்சு, அப்பாவுக்குக் கோபுரத்தில் ஏற டிக்கெட் பார்த்தாச்சு என்று கிழமைக்குக் கிழமை சொல்லுவான். அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள், "அந்த வீட்டு முத்தத்தில நல்லா வெயில் விழுமா மகன்?"

"என்னம்மா, எல்லாரும் குளிரக் கேக்காங்க, நீங்க வெயிலக் கேக்கிறீங்க?"

காகித வேலை எல்லாவற்றையும் ஓட்டமாவடி நளீர் செய்தார். மத்திய கிழக்குக்கு ஆட்களை அனுப்பி அனுப்பிப் பழக்கப்பட்டவர், நல்ல மனுசன். வங்கிக் காகிதம், மகனின் அழைப்பு, கலியாணப் பதிவு என்று ஒன்றும் விடாமல் அடுக்கித் தந்தார். கொழும்புக்குப் போய்க் கொடுத்தோம்.

அந்த விசாக் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்பிள்ளை தமிழில்தான் கேட்டது. மரியாதையான பிள்ளை.

"அம்மா, உங்கட பேரில வீடு, காணி என்ன இருக்கு?"

அன்னப்பூரணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்டுமில்ல புள்ள. எல்லாத்தையும் மகளுக்குக் குடுத்திட்டம். வீடு வளவு, வட்டைக்குள்ள ரெண்டு ஏக்கர் வயல், எல்லாம்."

"ஒண்டுமே இல்லையா?"

"ஒரு தென்னம்புள்ள கூட இல்ல" என்றாள். அப்படி ஒரு பெருமை அவள் குரலில். எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அந்த வீடு அவளுக்கு அவள் தாய் கொடுத்தது. அவள் வதனிக்குக் கொடுத்தாள். வதனி தன் மகளுக்குக் கொடுப்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் தாயின் பேரில் ஒரு துண்டுக் காணி மிச்சம் இருந்தால் எங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? பிள்ளைக்குக் கொடுக்க மனம் வராதவள் என்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்ல முடிவது இங்கே பெரிய கௌரவம். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதற்கு வேறு அர்த்தம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

விசா இல்லை என்று மறுமொழி வந்தது. நளீர் வாசித்து அர்த்தம் சொன்னார். நாங்கள் திரும்பி வருவோம் என்று நம்புவதற்குக் காரணம் ஒன்றும் இல்லையாம்.

"எங்க போறதாம் நாங்க?" என்று கத்தினேன். "ஆறும் வலையும் இஞ்ச. பேத்தி இஞ்ச. செத்தா எரிக்கிற இடம் இஞ்ச!"

"ஐயா, அவங்களுக்கு அது விளங்காது. வீடில்லாதவன், காணியில்லாதவன், அங்கயே நிண்டுருவான், அதுதான் அவங்கட கணக்கு." நளீர் தலையில் கை வைத்தார். "எங்கட முஸ்லிமாக்களும் இப்பிடித்தானே. நான் இரிக்கிறது பொஞ்சாதிர ஊட்டில. என்னட்டக் கேட்டாலும் ஒண்டுமில்லெண்டுதான் சொல்லணும். நான் முதல்ல சொல்லித் தந்திருக்கணும். என்ட புத்தி."

பாசிக்குடாவுக்கு வருகிற வெள்ளைக்காரர்களை நினைத்துப் பார்த்தேன். மருமகன் நேசராசா அங்கே ஒரு ஹோட்டலில்தான் வேலை செய்கிறான். மூன்று நாள் கண்டி, ஐந்து நாள் கடற்கரை என்று பிரித்துக்கொண்டு வருகிறார்கள். போகிற வழியில் எங்கள் பாலத்தில் வாகனத்தை நிறுத்தி, நான் வலை வீசுவதைப் படம் பிடிக்கிறார்கள். உன்னுடைய வீடு யார் பேரில் இருக்கிறது, நீ திரும்பிப் போவாயா என்று ஒருத்தனும் அவர்களைக் கேட்டதில்லை. அன்றைக்குப் பிறகு வாகனம் நின்றால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

நளீர்தான் வழி சொன்னார். வதனி வீட்டை மட்டும் தாயின் பேருக்குத் திருப்பி எழுதட்டும், போய் வந்த பிறகு மறுபடி மகளுக்கு எழுதிவிடலாம். கேட்க லேசாகத்தான் இருந்தது. கொடுத்த சீதனத்தைத் திருப்பிக் கேட்ட தகப்பன் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் நான் கேட்டேன். வெட்கத்தைத் தின்றுவிட்டுக் கேட்டேன்.

வதனி அடுப்படியில் நின்றாள். நேசராசாதான் பேசினான்.

"மாமா, நான் இல்லெண்டு சொல்லமாட்டன். மாமி போய்ட்டு வரட்டும். ஆனா ஒண்டு நடந்தா... மாமிர பேரில இருக்கக்குள்ள ஒண்டு நடந்தா, சட்டப்படி மச்சானுக்கும் பங்கு போகுமே. இது நாளைக்கு என்ட மகள்ற வீடு."

அவன் கேட்டதில் பிழை இல்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் உரத்துக் கேட்டிருப்பேன்.

"அண்ணன் அப்பிடிச் செய்யமாட்டான்" என்றாள் வதனி. "எழுதுவம் அப்பா."

வாழைச்சேனையில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் எல்லோரும் போனோம். வதனி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஏற்றுக்கொள்கிறேன் என்று அன்னப்பூரணி ஒரு கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது. நொத்தாரிசு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் பேனையைப் பிடித்தாள். தலையைச் சரித்து, மிச்சம் இருந்த கண்ணால் முன்னால் நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு பேனையை மேசையில் வைத்தாள்.

"வேணாம் ஐயா. கிழிச்சுப் போடுங்க."

நானும் வதனியும் எவ்வளவோ சொன்னோம். வதனி அழுதாள். அன்னப்பூரணி எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வரும் வழியில் பஸ்ஸில் ஏசினேன். ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் ஏசினேன். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் தட்டிவிட்டாயே, அவன் உன் பிள்ளை இல்லையா, உனக்கு நெஞ்சு என்ன கல்லா என்றெல்லாம் கேட்டேன். பனிச்சங்கேணிப் பாலம் வந்ததும், முன்னால் இருந்த வதனிக்குக் கேட்காமல் அவள் என் பக்கம் குனிந்தாள்.

"நீங்க வதனிர முகத்தப் பாக்கல்ல" என்றாள். "நான் பாத்தன். வாய்தான் ஓம் எண்டது. புள்ளய இறுக்கிப் புடிச்சிட்டு, வீட்ட விட்டு எழுப்பின மாதிரி நிண்டாள். ஒரு புள்ளையப் பாக்கிறதுக்காக மத்தப் புள்ளைய அப்பிடி நிக்க வெச்சிட்டுப் போக எனக்கு ஏலா."

"திருப்பிக் குடுக்கத்தானே போறம்?"

"குடுக்கலாம். அந்த முகத்த என்ன செய்யிற?"



இருக்கிற காகிதங்களோடு இன்னொரு தரம் போட்டோம். வேண்டாம் என்றுதான் நளீர் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே அதே மறுமொழி வந்தது. உதயரூபன் மட்டும் சோரவில்லை. முதல் தரம் இப்படித்தானாம், இரண்டாம் தரமும் சில பேருக்கு இப்படித்தானாம், அடுத்த கோடைக்குக் கட்டாயம் கிடைக்குமாம். குளிர்ச் சட்டை அலுமாரியில் அப்படியே இருக்கிறதாம்.

மாரி தொடங்கியது. ஒரு நாள் சோற்றில் கல் கடிபட்டது. அடுத்த நாளும். அவள் அரிசி புடைத்தால் ஒரு கல் தப்பாது என்று ஊரே சொல்லும். நான் கல்லோடு விழுங்கினேன். பிறகு ஒரு காலை முற்றத்தில் வதனி கூப்பிட்டதற்குக் அன்னப்பூரணி குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். வதனி நடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள், இவள் இன்னமும் அந்தப் பக்கம் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தாள். வதனி அப்படியே நிலத்தில் குந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் விளங்கிவிட்டது. அவள் எங்களுக்கு எத்தனை நாளாக ஒளித்தாளோ தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உதயரூபன் வீடியோவில் போன் எடுத்தான். வதனி வீட்டு விறாந்தையில் அன்னப்பூரணியைக் கதிரையில் இருத்தி, நான் பக்கத்தில் இருந்து போனைப் பிடித்தேன். அவள் பார்வை கொஞ்சம் மேலே போயிருந்தது. நாடியைத் தொட்டு முகத்தை மெதுவாகப் போனுக்கு நேரே திருப்பிவிட்டேன். அவன் கண்டுபிடிக்கக் கூடாது.

"அம்மா, கோடைக்கு நான் இப்பவே முதலாளிட்டக் கேட்டுட்டன். அந்த வீடு நமக்குத்தான். உங்கட ஆசைப்படி ஒம்பது நாளும் நாட்டுப்புறத்துக்கே போடவா? அப்பா பேசமாட்டாரே?"

அவள் சிரித்தாள். நாட்டுப்புறத்துக்காக என்னோடு ஒவ்வொரு நாளாக மல்லுக்கு நின்றவள் அவள்.

"வேணாம் மகன். எல்லா நாளையும் பட்டணத்துக்கே போடு. அப்பாவுக்கு அந்தக் கோபுரத்தக் காட்டு, பாவம்."

"ஏன்மா? வெயிலுக்க இருந்து கதைப்பம் எண்டெல்லாம் சொன்னீங்க."

"எங்க இருந்தா என்ன மனே. எனக்கு இனி ரெண்டும் ஒண்டுதான்."

வயது போனால் அம்மாவுக்கு ஆசையும் குறைகிறது என்று அவன் பகிடி பண்ணினான். அவளும் சேர்ந்து சிரித்தாள். இடையில் முகம் விலகியபோது இன்னொரு தரம் நாடியைத் திருப்பிவிட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் வைத்துவிட்டான்.

"வெச்சிட்டானா?"

"ஓம்."

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

"எப்பிடி இருந்தான்? மெலிஞ்சா போயிற்றான்? என்ன உடுத்திருந்தான்? ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

எங்கே அவள் முகம் விலகிவிடுமோ என்று, அவ்வளவு நேரமும் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகனை நானும் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் இரிக்கான்" என்றேன். "நீலச் சட்டை."