ரம்பத்தின் மேல் சிவப்புக் கோடு

“ரம்பத்து மூடிய இன்னைக்கே திருப்பி மாட்டுங்க. இல்லேன்னா என் விளக்கக் கழட்டிடுவேன்.”

ஓப்ரெனிடம் எதை வேண்டுமானாலும் கேள், மூடியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று அப்பா பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திறந்துவிட்டேன்.

ஓப்ரென் எங்கள் முதலாளி. இவாஞ்ஞிட்சா என்ற ஊரில் ஜன்னல் சட்டம் செய்யும் பட்டறை அவருடையது. அப்பா ராதிசாவ் இருபத்தாறு வருடமாக அங்கே கட்டைகளைக் குறுக்கே அறுக்கும் மின்சார ரம்பத்தில் நிற்கிறார். நான் வரைபடம் போடுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதற்காக, சட்டம் பூட்டும் மிலேத்தா எனக்கு வைத்த பெயர் எஞ்சினியரம்மா. எந்த நாளும் அதை அவர் மரியாதையாகச் சொன்னதில்லை.

போன இலையுதிர் காலத்தில் அப்பா அறுத்த கட்டைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைய ஆரம்பித்தன. மரம் ஈரம் என்றார். டேப் பழசு என்றார். ஒருநாள் வீட்டில் மாத்திரை அட்டையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். புரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

தடித்த பென்சில் கோட்டை அவரால் பார்க்க முடிந்தது. ரம்பத்தின் பல் எங்கே இறங்கும் என்பதைத்தான் பார்க்க முடியவில்லை. அதற்காக முகத்தை அதன் அருகே கொண்டுபோய்க் குனிவார். எனவே உடைந்த லேசர் ரசமட்டத்திலிருந்து அதன் விளக்கைப் பிடுங்கி, பழைய போன் சார்ஜரில் இணைத்து, வளைத்த தகரத்தில் வைத்து ரம்பத்தின் கைக்கு மேல் திருகினேன். பல் இறங்கும் இடத்தில் மரத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு விழும். பிளேடு மாற்றும்போதெல்லாம் வீண் கட்டையில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துக் கோட்டைச் சரிசெய்தேன். அப்பா நிமிர்ந்து நின்று அறுத்தார். அளவு பிசகவில்லை.

ஒரே குறை, பல்லில் கை படாமல் காக்கும் இரும்பு மூடி கோட்டின் பாதியை மறைத்தது. விளக்கை மூடிக்குள் வைத்துப் பார்த்தேன், கால் மணி நேரத்தில் மரத்தூள் அப்பிக்கொண்டது. பிளாஸ்டிக் மூடி செய்தேன், அதிலும் தூள்தான். பிறகு ஒரு திங்கட்கிழமை பார்த்தால் மூடியே இல்லை.

இன்று காலை அப்பாவின் ஸ்வெட்டர் கைநுனி கத்தரித்தது போல அறுந்திருந்தது. அதை உள்பக்கமாக மடித்து விட்டிருந்தார்.

பத்து மணி இடைவேளை, எல்லோரும் ஒரே மேசையில். ஓப்ரென் ரொட்டிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டும் கத்தியை நிறுத்தவில்லை.

“நானா கழட்டினேன்? உங்கப்பன கேளு. மூடி இருந்தா வெளிச்சம் தெரியலன்னு அவனே கழட்டி வெச்சான். நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். அவன் கண்ணு போச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்மா.”

“அவரு கொறச்சலா அறுத்த கட்டைய எல்லாம் யாரு ஒளிச்சு வெச்சதுன்னு நெனைக்கிற, எஞ்சினியரம்மா?” என்றார் மிலேத்தா.

நான் ஒருத்தி மட்டும் காப்பாற்றிய ரகசியம் என்று இத்தனை மாதமாக நினைத்திருந்தேன். அலுப்பாக இருந்தது. எல்லோரும் நல்லவர்கள், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனிதனை மூடியில்லாத ரம்பத்தின் முன் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவரை அங்கே நிற்க வைத்தது என் விளக்கு.

அப்பா ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் அப்பாக்கள் மகளையும் மகனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

“விட்டுடு மகனே. இன்னும் ரெண்டு வருஷம், பென்ஷன் வந்துடும்.”

“கையக் காட்டுங்கப்பா.”

கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஓப்ரென் அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். வேண்டுமானால் ராதிசாவை பாலிஷ் போடும் பக்கம் அனுப்பலாம், வசந்தத்தில் பார்க்கலாம் என்றார். செத்தாலும் பொம்பளைகளோடு உட்கார்ந்து பாலிஷ் போட வரமாட்டேன் என்றார் அப்பா.

நான் ரம்பத்தின் அருகே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். சார்ஜரைப் பிடுங்கி இரண்டு திருகுகளைக் கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை.

“வெளக்கு இல்லேன்னாலும் நான் அறுப்பேன்,” என்றார் அப்பா.

“தெரியும்பா. அதனாலதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போறேன்.”

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது தொழிற்சாலை ஆய்வாளரின் அலுவலகம். அது எல்லோருக்கும் தெரியும். ரம்பத்துக்கு சீல் வைப்பார்கள். அப்பாவுக்குக் கண் பரிசோதனை, எனக்கு வேலை நீக்கம். இதையெல்லாம் காலையில் அந்தக் கைநுனியைப் பார்த்தபோதே யோசித்து முடித்திருந்தேன்.

துன்யா, நில்லு என்று ஓப்ரென் என்னைக் கூப்பிட்டார். அப்பா கூப்பிடவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.