சாப்பாட்டு நேர ஓடை

நிலோஃபர் எழுதும் வலைப்பதிவுக்கு உலகத்தில் ஒரே ஒரு வாசகன்தான்: ஷார்ஜாவில் கிடங்கு வேலை பார்க்கும் அவள் கணவன் சித்தீக். பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பில் காய் வெட்டியது, மகளுக்குப் பல் விழுந்தது எல்லாம் அதில் வரும். புதிதாக எழுதுவதைத் தானாகத் திரட்டித் தரும் ஓடையின், அதாவது ஃபீடின், முகவரியை அவனுக்கு அனுப்பியிருந்தாள். மதியம் சாப்பிட்டுக்கொண்டே கம்பெனி கம்ப்யூட்டரில் அதைத் திறந்து படிப்பான்.

ஒருநாள் நாத்தனாரின் லேப்டாப்பில், வேறு பிரவுசரில், அதே ஓடையைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. அவளுடைய பிரவுசரில் அழகாகத் தெரிவது இங்கே வெறும் நிரல் வரிகளாகக் கொட்டிக் கிடந்தது. கோரை மண்டிய வயலில் நாற்றைப் போல நடுநடுவே அவளுடைய தமிழ்.

சித்தீக்கிடம் கேட்டாள். அவனுக்கும் ஒரு வருஷமாக அப்படித்தான் தெரிகிறதாம். வாயைத் திறந்து சொன்னால்தான் என்னவாம் இந்த மனுஷனுக்கு?

எரிச்சலோடு உட்கார்ந்து, எந்த பிரவுசரில் திறந்தாலும் எழுத்து மட்டும் தெளிவாகத் தெரியும்படி ஓடைக்கு ஒரு வடிவக் கோப்பு எழுதிச் சேர்த்தாள். மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள்.

"இப்ப நல்லாத் தெரியுதாங்க?"

"தெரியுது. ஆனா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருதே. முன்னாடி அந்தக் குப்பைக்குள்ள உன் வரியத் தேடித் தேடிப் படிப்பேன். சாப்பாட்டு நேரம் முழுக்க நீ பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கும்."

போனை வைத்ததும் நிலோஃபர் எழுத உட்கார்ந்தாள்.

அன்று அவள் எழுதியது, ஒருவன் நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவும்வரை தீராத நீளம் இருந்தது.