கல்யாண வீட்டு கேசட்

ஓரான் நகரத்து வீட்டின் பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் கல்யாணங்களில் பதிவு செய்த பதினோரு கேசட்டுகள் இருந்தன, எல்லாம் ராய் என்னும் உள்ளூர்ப் பாட்டு. கல்யாண வீடுகளில் அம்மா பாடியதுண்டு என்று அத்தை சாகும் முன் சொல்லியிருந்தாள். அம்மா அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பெற்றவளையே தனக்குத் தெரியாதோ என்ற எண்ணம் மொக்தாரியாவை அரித்தது. மூன்று நாளாக ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். அட்டைப் படத்தை நம்ப முடியாது. பாடகி முகம் காட்டமாட்டாள். கம்பெனிக்காரன் எவளோ ஒருத்தியின் படத்தை ஒட்டியிருப்பான்.

ஒன்பதாவது கேசட்டில், நாணல் குழலைத் தொடர்ந்து அம்மாவுடையது போன்ற ஒரு குரல் எழுந்தது. அவள் காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்தாள். உடனே அன்பளிப்பு தந்தவர்களின் பெயரை அறிவிக்கும் ஆள் கத்தினான்: "மஸ்காரா ஊர்ப் பசங்க சார்பா, மாப்பிள்ளைக்கு!" குரல் மறுபடி எழுந்தது. அவனும் மறுபடி கத்தினான்.

"வாயை மூடித் தொலையேன்டா!" என்று மொக்தாரியா டேப் ரிக்கார்டரை ஓங்கித் தட்டினாள்.

அடுப்படியிலிருந்து அம்மா ஸூலிகா குரல் கொடுத்தாள். "அவனை ஏண்டி திட்டுறே? நான் வாயைத் திறந்ததும் கத்தணும்னு சொல்லி வச்சதே நான்தான். என் குரல்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பா கொன்னே போட்டிருப்பாரு."

"அப்போ நீதான்! யம்மா, இப்போ தாத்தாவும் இல்ல, அந்த ஆளும் இல்ல. ஒரே ஒரு வரி பாடேன்."

"உங்கண்ணன் சாப்பிட வர்ற நேரம்" என்ற அம்மா, குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள்.